சித்திர வகுப்புக்கு எந்தப் படப்புத்தகம்? மலையகப் பாடசாலைகளுக்கு ஓர் ஒப்பீடு

தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் மூன்று பிள்ளைகளிடம் "உங்க ஊரை வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான தாள்களில் ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து ஓடும் ஆறு, கரையில் ஒரு தென்னை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தெரிவது முற்றிலும் வேறு. அங்கே மலை முக்கோணமாக இல்லை. வரிவரியாகத் தேயிலை, இடையில் சவுக்கு மரங்கள், கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்துவிட்ட) பக்கம் மட்டும் பழுப்பு நிறம், அதற்குக் கீழே லயத்துத் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) தகரக் கூரைகள். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் தென்னையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பிள்ளை தென்னையைத்தான் வரைகிறது.

இதில் பிள்ளைமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்த பொருளை மட்டும் பார்த்து யாரும் வரையக் கற்பதில்லை. பார்த்த படங்களிலிருந்தும் கற்கிறோம். கரும்பலகையில் டீச்சர் போட்ட படம், கலண்டர் படம், அண்ணனின் சித்திரக் கொப்பி என்று அந்தப் பிள்ளை பார்த்தவை எல்லாம் இந்த முக்கோண மலைதான். வேறு படம் வரைய வேண்டுமென்றால் வேறு படங்களைக் காட்ட வேண்டும். கொழும்புக்குப் போய் ஓவியக் கண்காட்சி பார்க்க வழியில்லாத பிள்ளை, ஓர் ஓவியரின் வேலையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குப் படப்புத்தகத்தை விட்டால் வேறு இடமில்லை.

சரி, எந்தப் புத்தகத்தை வாங்குவது? இந்தக் கேள்வியோடு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல் எல்லாம் கற்பிக்கும் அவரே சித்திரம் அடங்கிய அழகியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கொழும்பில் வேலை செய்துகொண்டு, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தான் படித்த பாடசாலைக்கு ஒரு பெட்டி புத்தகம் கொண்டுவர ஆசைப்படுபவர். இரண்டு பேர் கையிலும் இருக்கும் காசு கொஞ்சம்தான். அதனால் பத்துப் புத்தகத்தின் பெயரை அடுக்குவதைவிட, கிடைக்கக்கூடிய சிலவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

நான் ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். புத்தகத்தை மூடியதும் பிள்ளையின் கைக்குச் செய்ய ஒரு வேலை தெரிகிறதா? கதை நல்லதா, படம் அழகா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மிக அழகான படப்புத்தகங்கள் சில, பார்க்கும் பிள்ளையை வாயடைத்துப்போக வைத்துவிடுகின்றன. "நமக்கெல்லாம் இப்படி வராது" என்று பென்சிலைக் கீழே வைக்க வைக்கும் புத்தகம் வாசிப்பு நேரத்துக்கு நல்லது, சித்திர நேரத்துக்கு ஆகாது.

கிழிப்பதா, வெட்டுவதா

வெளிநாட்டுப் புத்தகங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கடதாசியை ஒட்டிச் செய்த படங்கள். ஒன்று லியோ லியொன்னியின் 'லிட்டில் புளூ அண்ட் லிட்டில் யெலோ', 1959இல் வந்தது. மற்றது எரிக் கார்லின் 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்', 1969.

கார்லின் புழுவை உலகமே அறியும். நன்கொடையாக வரும் பெட்டிகளில் எப்படியும் ஒரு பிரதி இருக்கும். மெல்லிய டிசு தாளில் அவரே வர்ணம் பூசி, காய்ந்த பிறகு வெட்டி ஒட்டிச் செய்த படங்கள் அவை. இந்த வேலைக்கு வேண்டிய தாள் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. வெசாக் கூடு கட்டுவதற்காக மே மாதம் ஹற்றன், நுவரெலியாக் கடைகளில் தொங்குவது அதே வகைத் தாள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அடியில் உள்ள நிறம் மேலே தெரியும். பசையின் ஈரம் பட்டால் சாயம் கொஞ்சம் பரவும், அதுவும் அழகாகவே இருக்கும். தேயிலை இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கிடக்கும் புழுவை நம் பிள்ளைகள் நேரில் பார்த்தவர்கள் என்பதால் கதையும் ஒட்டும்.

ஆனாலும் சித்திர வகுப்புக்கு இதை நான் முதலில் எடுக்கமாட்டேன். அந்தப் புழுவின் உருவம் அவ்வளவு பலமாக மனதில் ஒட்டிக்கொள்கிறது. புத்தகத்தை மூடிய பிறகு எல்லாத் தாளிலும் பச்சை வட்டங்களைக் கோத்த ஒரே புழு, சிவப்புத் தலையோடு வரும். முக்கோண மலையை விட்டு வந்து வட்டப் புழுவில் மாட்டிக்கொண்டால் என்ன லாபம்? அதோடு கத்தரிக்கோல் வேண்டும். முப்பது பிள்ளைக்கு நாலு கத்தரிக்கோல் இருக்கும் வகுப்பில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போய்விடும்.

லியொன்னியின் புத்தகத்தில் உருவம் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஒரு நீலத் துண்டு, ஒரு மஞ்சள் துண்டு. அவைதான் கூட்டாளிகள். கண்ணில்லை, மூக்கில்லை, கைகாலில்லை. ரயிலில் போகும்போது பேரப்பிள்ளைகளைச் சும்மா இருக்க வைப்பதற்காக, கையிலிருந்த 'லைஃப்' சஞ்சிகையைக் கிழித்து அவர் சொன்ன கதை அது. நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடித்துக்கொண்டதும் இரண்டும் பச்சையாகிவிடுகின்றன. வீட்டுக்குப் போனால் அப்பா அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. வசனங்கள் மிகக் குறைவு, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே டீச்சர் தமிழில் சொல்லிவிடலாம்.

"டீச்சர், இதுக்குக் கண்ணே இல்லையே!" என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் பாடத்தின் தொடக்கம். கண்ணில்லாமலே இது அழுகிறது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? துண்டுகள் தள்ளி நிற்கும்போது என்ன தோன்றுகிறது, நெருங்கி நிற்கும்போது என்ன தோன்றுகிறது? ஒரு தாளில் எதை எங்கே வைப்பது என்ற பெரிய பாடத்தை ஏழு வயதுப் பிள்ளை இந்தத் துண்டுகளை நகர்த்தி நகர்த்தியே கற்றுக்கொள்கிறது. எனக்குத் திறமையில்லை என்று சொல்ல இதில் இடமே இல்லை. கிழிக்கத் தெரியாத பிள்ளை உண்டா?

பொருளுக்கும் அலைய வேண்டாம். பழைய வீரகேசரித் தாளும், கலர்ப் பக்கமுள்ள சஞ்சிகையும், கோதுமை மாப் பசையும் போதும். மாப் பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள். ஹற்றன் பக்கத்து ஈரத்தில் அது சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும்.

கிழிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பத்திரிகைத் தாள் நீளவாக்கில் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நேரான கீற்றுகள் தேயிலை வரிக்கு ஆகும், கோணல் விளிம்பு மலை முகட்டுக்கு ஆகும். அப்புறம், பளபளப்பான சஞ்சிகைத் தாளைக் கிழித்தால் இரண்டு துண்டில் ஒன்றின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரியும். மலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்போது அந்த வெள்ளை விளிம்பு மேலே வருகிற மாதிரி வைத்தால், இரண்டு மலைக்கு நடுவே பனிமூட்டம் நிற்பது போலவே இருக்கும். காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் அம்மாவின் பின்னால் அந்தப் பிள்ளை தினமும் பார்க்கும் மலை அது. பேஸ்டலால் தேய்த்துத் தேய்த்து வரைந்தாலும் வராத ஒன்று, ஒரு கிழிப்பில் வந்துவிடுகிறது.

கறுப்புத் தாளும் சோக்குக் கட்டியும்

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, தரம் நாலு, ஐந்துக்கு, நான் சொல்வது சென்னைத் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்கள். கறுப்புத் தாளில், கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, கையாலேயே தைத்துக் கட்டிய புத்தகம். விலை அதிகம், அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு பாடசாலை தனியாக வாங்குவது சிரமம். பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் மூன்று நாலு சேர்ந்து ஒன்று வாங்கித் தவணைக்கொரு பாடசாலையாகச் சுற்றவிடலாம்.

பகல் முழுக்க மனிதருக்காக உழைக்கும் மரம், இரவில்தான் ஓய்வெடுத்துத் தன் உண்மையான உருவத்தைக் காட்டும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. இதை மலையகப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். எந்தத் தோட்டத்திலும் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகாதே என்று பெரியவர்கள் சொல்லும் ஒரு மரம் இருக்கும். அடியில் சூலம் நட்டிருக்கும், முனியாண்டியோ மாடசாமியோ குடியிருப்பார். "நம்ம தோட்டத்து மரம் ராத்திரியில எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பாருங்கள், வகுப்பே வாய் திறக்கும்.

செய்முறையும் இலகு. கறுப்பு டிமை தாள், வெள்ளை, கலர்ச் சோக்குக் கட்டிகள். சோக்கைச் சீனித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுத்து வரைந்தால் நிறம் பளிச்சென்று நிற்கும், காய்ந்த பிறகு கையில் அவ்வளவாக ஒட்டாது. கோண்டு ஓவியர் ஒவ்வொருவரும் உருவங்களின் உள்ளே நிரப்புவதற்குத் தனக்கென்று ஒரு கோலம் வைத்திருப்பார்கள். புள்ளி, சிறு கோடு, மீன்செதில், விதை என்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் கோலத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக வையுங்கள். அம்மாவின் கூடைப் பின்னல், தேயிலையின் பல் விளிம்பு, லயத்துச் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு எல்லாம் கோலமாக வரும்.

இந்தப் புத்தகத்தின் அழகில் மயங்கி அந்த மரங்களை அப்படியே பார்த்து வரையச் சொல்லிவிடக் கூடாது. அவை ஒரு சமூகத்தின் சொந்தக் கலை. எப்படிச் செய்தார்கள் என்பதைக் கற்றுக்கொண்டு நம்முடைய மரத்தை வரைவது வேறு, அவர்களுடைய மரத்தைப் பெயர்த்து எடுப்பது வேறு. இதைப் பத்து வயதுப் பிள்ளையிடமும் சொல்லலாம், புரிந்துகொள்ளும்.

நம் நாட்டுக் குடை

இலங்கைப் படப்புத்தகம் என்றால் சிபில் வெத்தசிங்க பெயரில் தொடங்குவதே முறை. 1927இல் பிறந்து 2020இல் மறைந்த அவர், தானே எழுதித் தானே வரைந்தவர். 1956இல் வந்த 'குட ஹொரா' (குடைத் திருடன்) பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. நகரத்துக்குப் போய் முதன்முதலாகக் குடையைப் பார்க்கும் ஒரு கிராமத்து மாமா, ஆசையாக ஒன்றை வாங்கி வருகிறார். அது திருடு போகிறது. இன்னொன்று வாங்குகிறார், அதுவும் போகிறது. திருடன் யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களும் பிள்ளைகளிடம் உடனே சொல்லாதீர்கள்.

ஏனென்றால் இந்தப் புத்தகத்தின் சித்திரப் பாடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மாமா திருடனைப் பிடிக்க ஓர் உபாயம் செய்து கிளம்பும் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "திருடனை வரைங்க" என்று தாளைக் கொடுங்கள். முகமூடி போட்டவர் வருவார், பேய் வரும், காற்று வரும், பக்கத்து லயத்து ஆடு வரும். எல்லோரும் வரைந்து முடித்துச் சுவரில் ஒட்டிய பிறகு மிச்சப் பக்கங்களைத் திருப்புங்கள். முடிவு தெரியாமல் வரைந்த பிள்ளைக்குப் பார்த்து வரைய எதுவும் கிடையாது, மனதுக்குள் இருப்பதைத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

லியொன்னியோடு ஒப்பிட்டால் இது கதை கூடிய புத்தகம், பொருள் குறைந்த புத்தகம். சாதாரணப் பேனாவே போதும். மழைக்குப் பழகிய ஊர் என்பதால் குடையைப் பற்றிப் பேச ஆளுக்கொரு கதை இருக்கும். ஆட்களும் வீடுகளும் சிங்களக் கிராமத்தவை. அது ஒரு குறையென்று எனக்குத் தோன்றவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வாழும் பிள்ளைகள் எந்தக் கதையைக் கேட்டு வளர்கிறார்கள் என்று நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். சிங்களப் பிரதி கையிலிருந்தால் இரண்டாம் மொழிப் பாட ஆசிரியரைக் கூப்பிட்டு அதிலேயே வாசிக்கச் சொல்லலாம்.

காசே இல்லாத இடத்தில்

பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசம், தரவிறக்கி அச்சிடலாம். இதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள், பாடசாலை அலுமாரியைத் திறந்து பாருங்கள். ரூம் டு ரீட் போன்ற நிறுவனங்கள் இலங்கையிலேயே தயாரித்த தமிழ்ப் படப்புத்தகங்கள் பழுதாகிவிடும் என்ற பயத்தில் பூட்டிக் கிடக்கலாம்.

ஸ்டோரிவீவரை போனில் காட்டுவது பயன்படாது. முப்பது பிள்ளைகள் ஒரு சின்னத் திரையை எட்டிப் பார்த்துத் தள்ளுமுள்ளுதான் நடக்கும், பல தோட்டங்களில் சிக்னலும் நம்ப முடியாதது. கொமியூனிகேஷன் கடையில் அச்சடிக்கலாம். கலரில் அடித்தால் செலவு ஏறும். கறுப்பு வெள்ளையில் அடித்தால் பிள்ளைகள் அதை நிறம் தீட்டும் தாளாக்கிவிடுவார்கள். யாரோ போட்ட கோட்டுக்குள் கலர் அடைப்பதைச் சித்திரப் பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்தத் தளத்தில் வேறு எங்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. அதிலுள்ள கதைகள் திறந்த உரிமத்தில் வெளியானவை. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், எடுத்து மாற்றியும் பயன்படுத்தலாம். அப்படியென்றால் படத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுங்கள். மிக எளிய முதலாம் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும். ஒரு தாளுக்கு ஒரு வரியாக டீச்சர் கையால் எழுதி, ஆளுக்கொரு தாள் கொடுத்து, அந்த வரிக்குப் படம் போடச் சொல்லுங்கள். முழுத் தாளும் வெறுமையாக இருப்பதால் எந்தப் படமும் பிள்ளையை மறிக்காது. சேர்த்துத் தைத்தால் வகுப்பே வரைந்த புத்தகம் ஒன்று கையில் இருக்கும். மேலே சொன்ன விலைகூடிய புத்தகங்கள் எதுவும் கிடைக்காத பாடசாலை இதிலிருந்தே தொடங்கலாம்.

இங்கிருந்து பிள்ளைகளே எழுதி வரையும் புத்தகத்துக்குப் போவது ஒரு படிதான். ஓர் ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். குறுக்கே இரண்டாக மடித்துக்கொண்டு, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் நீளத்துக்கு ஒரே ஒரு வெட்டு. பிறகு விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் தைக்காமலே எட்டுப் பக்கப் புத்தகம் தயார். கொழுந்து நிறுத்துவது, தேர்த் திருவிழா, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) தங்கச்சி என்று அவர்கள் வாழ்க்கை அதில் வரட்டும். லயத்தையும் கொழுந்து மலையையும் உள்ளிருந்து காட்டும் படப்புத்தகங்களைக் கடையில் தேடினால் மிக அரிதாகத்தான் கிடைக்கின்றன. அது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஆனாலும் இதை முதல் வேலையாக வைக்க வேண்டாம். வேறு படங்களைப் பார்க்காத பிள்ளையிடம் வெறும் புத்தகத்தைக் கொடுத்தால் எட்டுப் பக்கத்திலும் முக்கோண மலைதான் வரும். முதலில் கிழித்து ஒட்டட்டும், இரவு மரம் வரையட்டும், திருடனைத் தேடட்டும். சொந்தப் புத்தகம் தவணைக் கடைசியில் வரட்டும்.

பெட்டியில் என்ன போடுவது

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது, தரம் ஒன்று முதல் மூன்று வரையான பிள்ளைகள் என்றால், யோசிக்காமல் லியொன்னி. தரம் நாலும் ஐந்தும் என்றால் 'குட ஹொரா'. மரப் புத்தகத்தை நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன், ஆனால் அது தனியாக நிற்காது. சோக்கும் கறுப்புத் தாளும் கூடவே வாங்க முடிந்தால்தான் அதைப் பெட்டியில் போடுங்கள். கார்லின் புழு ஏற்கெனவே இருந்தால் வாசிப்பு மூலையில் வையுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து கொண்டுவருபவருக்கு இன்னொன்று. இருபது தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, நாலு தலைப்பில் ஐந்தைந்து பிரதி வாங்குங்கள். டீச்சர் முன்னால் நின்று தூக்கிக் காட்டும் படத்தில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவது நிறம் மட்டும்தான். கிழித்த விளிம்பும் புள்ளிக் கோலமும் மூக்குக்கு முன்னால் பிடித்தால்தான் தெரியும். ஆறு பிள்ளைக்கு ஒரு பிரதி என்றால் எல்லோரும் தொட்டுப் பார்க்கலாம். அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டே அனுப்புங்கள். மேற்கு மலைச்சரிவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு மழை. புத்தகம் நமத்துப்போக இரண்டு பக்கத்திலும் காலம் இருக்கிறது.

அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்காக முதலில் பறிபோவது அழகியல் பாடவேளைதான். அந்தப் பாடவேளையைக் கடந்தகால வினாத்தாளுக்குக் கொடுத்துவிட்டால், எவ்வளவு நல்ல புத்தகத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பினாலும் அது திறக்கப்படாது. வாங்குபவர்கள் புத்தகத்தைக் கொடுக்கும் அன்றே, எந்தக் கிழமை எந்தப் பாடவேளையில் இது பயன்படும் என்று அதிபரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.